வேல்ஸ் கல்வீடும் ஈரச் சுவரும்

கார்டிஃப், சுவான்சீ பக்கம் வேலைக்கு வரும் நம்மவர்களுக்கு வாடகைக்கோ விலைக்கோ அமைவது, பல நேரம் 1919க்கு முன் கட்டிய டெரஸ் வீடுதான், அதாவது தெரு நீளத்துக்கு ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வரிசை வீடு. முதல் குளிர்காலத்திலேயே அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை படரும். உடனே மழையைத்தான் குறை சொல்கிறோம். ஆனால் கார்டிஃபின் ஆண்டு மழை சென்னையைவிடக் குறைவு. சென்னையில் கொட்டித் தீர்த்ததும் வெயில் அடிக்கும். இங்கே வருஷம் முழுக்கத் தூறல். சுவருக்குக் காய நேரமே கிடைப்பதில்லை.

தென் வேல்ஸ் பள்ளத்தாக்கு வீடுகளில் பெரும்பாலும் பென்னன்ட் மணற்கல். அரை மீட்டர் கனத்தில் ஒரே சுவர், நடுவில் இடைவெளி கிடையாது. கற்களுக்கு நடுவே சுண்ணாம்புக் காரை. மழை நாளில் ஈரத்தை வாங்கிக்கொண்டு, காற்றடிக்கும் நாளில் அந்தக் காரை வழியாகவே சுவர் வெளியே விடும். இதை மறந்து யாரோ சிமென்ட் வைத்துப் பூசியிருப்பார்கள். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. உள்ளே தங்கும் நீர் குளிரில் உறைந்து விரிய, கல்லின் முகமே செதில் செதிலாக உதிரும்.

வீட்டைச் சீர்செய்யக் காட்டும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கும் இதில் பங்குண்டு. 1960களில் பிபிசியில் பாரி பக்னல் பழைய கதவுகளை ஹார்ட்போர்டு என்னும் மெல்லிய மரநார்ப் பலகை அடித்து மூடக் கற்றுக்கொடுத்தார். 1990களில் இரண்டே நாளில் அறையை மாற்றும் நிகழ்ச்சிகள் வந்தன. கல்சுவருக்கு இரண்டு நாள் கணக்கு ஒத்துவராது. 25 மி.மீ. கனம் காய ஒரு மாதம் என்பது இங்கே வழங்கும் தோராயக் கணக்கு. ஈரச் சுவரைப் பலகையால் மறைத்தால் பூஞ்சை பலகைக்குப் பின்னால் வளரும், அவ்வளவுதான்.

வேலையை வெளியிலிருந்து தொடங்குங்கள். மழை பெய்யும்போதே கூரைத் தண்ணீர்க் குழாய்களைப் பாருங்கள். ஒரு இணைப்பு ஒழுகினாலே கீழ்ச்சுவர் முழுக்க ஊறும். வெளித்தரை உள்தரையைவிட 150 மி.மீ.யாவது தாழ்ந்திருக்க வேண்டும். சுவரின் அடியிலுள்ள காற்றுத் துளைச் செங்கற்களைக் குளிருக்குப் பயந்து அடைக்கவே கூடாது. அடைத்தால் மரத்தரையின் விட்டங்கள் உளுத்துப்போகும்.

பிறகுதான் காரை. பழைய சிமென்டை உளியால், கற்களுக்கு நடுவிலுள்ள இணைப்பின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழம், குறைந்தது 25 மி.மீ., எடுங்கள். மின்சார ஆங்கிள் கிரைண்டர் வேண்டாம், அது கல்லின் ஓரத்தை வெட்டிவிடும். புதுக் காரைக்கு என்.ஹெச்.எல். 3.5 என்ற, நீர் சேர்ந்தால் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு ஒரு பங்கு, கரடுமுரடான மணல் இரண்டரை முதல் மூன்று பங்கு. இணைப்பை நனைத்துவிட்டு அழுத்தி நிரப்புங்கள். ஈரச் சாக்கால் சில நாள் மூடிவையுங்கள். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும் மாதங்களில் தொடவே வேண்டாம், இறுகுவதற்குள் உறைந்து உதிர்ந்துவிடும். உள்சுவரிலும் பிளாஸ்டிக் பெயின்ட் வேண்டாம். சுண்ணாம்பு அடிப்பதே நல்லது.

நம் சமையலுக்கும் இதில் பொறுப்பு உண்டு. சோறு வடிக்கும் ஆவி, இட்லி ஆவி எல்லாம் குளிர்ந்த சுவரில்தான் நீராகப் படியும். அடுப்புக்கு மேலுள்ள விசிறி நொடிக்கு 30 லிட்டர் காற்றை வீட்டுக்கு வெளியே தள்ள வேண்டும். வடிகட்டி அறைக்குள்ளேயே திருப்பி விடும் வகை ஆவிக்கு உதவாது. குளியலறைக்கு 15 லிட்டர் போதும். ரேடியேட்டர்மேல் துணி காயப்போடுவதை விட்டாலே பாதித் தொல்லை தீரும். ஈரப்பதமானியில் 60 சதவீதத்தைத் தாண்டவிடாதீர்கள்.

வாடகை வீடானால் சுவரை நீங்கள் தொட வேண்டாம். 2022 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள வேல்ஸ் வாடகைச் சட்டப்படி, வீடு வாழத் தகுந்ததா என்று பார்க்கும் 29 அம்சங்களில் முதலாவதே ஈரமும் பூஞ்சையும்தான். தேதியுடன் படம் எடுத்து, வீட்டு உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தொலைபேசியில் சொன்னதற்குச் சாட்சி இருக்காது.