யார் தப்பு என்று கேட்டார்

பல்லடத்து நெசவு யூனிட்டில், அடிக்கடி நின்றுபோன தறியை அதிவேகக் கேமராவில் படம் பிடித்துப் பார்த்த அன்று, முதலாளி கேட்டது ஒரே கேள்விதான். "ஏனுங்க தம்பி, படத்துல பார்த்தா யார் தப்புன்னு தெரியுதுங்களா?" நான் "செட்டிங் தப்புங்க" என்றேன். தறிக்கு செட்டிங் வைக்கும் ஃபிட்டர் அண்ணன் பக்கத்திலேயே நின்றிருந்தார். இரண்டு வருடம் ஆகியும் மனசு அந்த இடத்திலேயே நிற்கிறது.

நான் பொய் சொல்லவில்லை. ஏர்ஜெட் தறி, காற்றை ஊதியே ஊடையை, அதாவது குறுக்கு நூலைச் செலுத்தும் தறி; அது 600 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 600 சுற்று) ஓடினால் நொடிக்குப் பத்து ஊடை. கேமராவை நொடிக்கு 5,000 ஃபிரேம் வைத்தால் ஓர் ஊடைக்கு 500 படம் கிடைக்கும். டியூப்லைட்டை நம்பினால் படம் மின்னி மின்னி இருளும் என்று எல்.இ.டி. விளக்கைப் பாவுக்கு (நெடுக்கு நூல்களுக்கு) மேலேயே சாய்த்து வைத்திருந்தேன். தறி நின்ற பிறகு பட்டனை அமுக்கினால் போதும்; அதற்கு முந்தைய சில நொடிகள் கேமராவின் மெமரியில் இருக்கும். அதில் பார்த்தேன்: நூல் முனை வலது ஓரத்தைத் தொடும் முன்பே தளர்ந்து, தூண்டில் முள் மாதிரி வளைந்து, ஒரு பாவு இழையில் மாட்டியது. ஊடையை வழி நெடுகத் தள்ளிவிடும் ரிலே நாசிலில் காற்று பிந்துகிறது; டைமிங் செட்டிங் தப்பு. அதைத்தான் சொன்னேன்.

ஆனால் அண்ணன் முதல் நாளே சொல்லியிருந்தார்: "டைமிங் இல்லீங்க தம்பி, காத்து இறங்குது. சத்தத்துலயே தெரியுது." என் கேமராவில் சத்தம் பதிவாகாது. அதோடு, அந்த வேகத்துக்குப் படத்தின் அளவைச் சுருக்க வேண்டும். 190 சென்டிமீட்டர் தறியில் நான் பார்த்தது கடைசி 40 சென்டிமீட்டர். மீதித் தூரத்தை நூல் எப்படிக் கடந்தது என்று நான் பார்க்கவே இல்லை. முதலாளி அதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் அண்ணன் லேப்டாப் பக்கம் வந்து, "இன்னொருக்கா ஓட்டுங்க தம்பி" என்றார். நூல் வளையும் இடத்தில், திரையில் படாமல் விரலை நீட்டிப் பிடித்தபடி, முழுதும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் கணக்கை முடித்துக்கொண்டு சோமனூர் பக்கம் போய்விட்டார்.

டைமிங்கை மாற்றிய பிறகு தறி நிற்பது குறைந்தது. அப்படியென்றால் நான் சொன்னது சரிதானே? ஆனால் அதே வாரம் தறிக்குக் காற்றைக் கொடுக்கும் கம்ப்ரஸரின் ஃபில்டரையும் மாற்றியிருக்கிறார்கள். அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அந்தப் பதிவை இன்னும் அழிக்கவில்லை. 331-ஆவது ஃபிரேமில் நூல் முனை தயங்குகிறது. நாசில் பிந்தினாலும் அப்படித்தான் தயங்கும். காற்றழுத்தம் இறங்கினாலும் அப்படித்தான் தயங்கும்.