ட்ரியெஸ்ட்: பெட்ரோலில் தொங்கிய எஃகு உருண்டை

1960 ஜனவரி 23 அன்று ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் ட்ரியெஸ்ட் என்ற ஆழ்கடல் கலத்தில் பசிபிக் பெருங்கடலின் மரியானா அகழியின் அடியில், சுமார் 10,900 மீட்டர் ஆழத்தில் தரை தொட்டார்கள். அங்கே சதுர சென்டிமீட்டருக்கு ஒரு டன்னுக்கும் மேலான அழுத்தம். அதைத் தாங்கிய, இருவரும் உள்ளே இருந்த எஃகு உருண்டையைப் பற்றித்தான் பலரும் பேசுவார்கள். அந்த உருண்டையை மேலே கொண்டுவந்த ஏற்பாடுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

உருண்டை ஜெர்மனியின் க்ரூப் ஆலையில் செய்தது. உள்விட்டம் ஏறக்குறைய 2 மீட்டர், சுவரின் தடிமன் 12.7 செ.மீ. தண்ணீருக்குள்ளும் அதன் எடை 8 டன். தனியே விட்டால் மூழ்கிப் போகும். அதனால் தலைக்கு மேலே ஒரு பெரிய மிதவை, அதற்குள் 85,000 லிட்டருக்குக் குறையாமல் பெட்ரோல். காற்றை நிரப்பியிருந்தால் நசுங்கிப் போயிருக்கும். பெட்ரோல் நீரைவிட லேசானது, அதிகம் சுருங்காது. மிதவையின் அடிப்பக்கம் கடலுக்குத் திறந்தே இருக்கும். உள்ளும் வெளியும் ஒரே அழுத்தம் என்பதால் மெல்லிய தகடே போதும்.

அதிகம் சுருங்காது என்றாலும் பெட்ரோல் கடல்நீரைவிடக் கூடுதலாகச் சுருங்கும். ஆழம் போகப் போகக் குளிர்ந்தும் சுருங்கும். அது சுருங்கி விட்ட இடத்தில் கடல்நீர் புகுந்து கலம் கனக்கும், வேகம் கூடும். வேகத்தை அடக்க, எடைக்காக ஏற்றிய இரும்புக் குண்டுமணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்ட வேண்டும். மேல்பகுதியில் சிக்கல் நேர் எதிர்: குளிர்ந்த, அடர்ந்த நீரடுக்கைத் தொட்டதும் கலம் இறங்காமல் நின்றுவிடும். அப்போது பெட்ரோலில் சிறிதைக் கடலில் விட வேண்டும். விட்டது விட்டதுதான், திரும்பக் கிடைக்காது.

குண்டுமணித் தொட்டிகளின் வாயில் மூடியில்லை, மின்காந்தம்தான் இருந்தது. மின்சாரம் ஓடும்வரை மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி வாயை அடைத்துக்கொள்ளும்; நிறுத்தினால் கொட்டும். பேட்டரி செத்தாலும் கொட்டும், கலம் தானாக மேலேறும். எதுவும் வேலை செய்யாதபோதும் ஆளைக் காப்பாற்றும் வடிவமைப்பு என்றால் இதைத்தான் சொல்வேன்.

உருண்டை மூன்று துண்டுகளை எபாக்சி பசையால் ஒட்டியது. ஆழத்தில் அழுத்தமே துண்டுகளை இறுக்கிப் பிடிக்கும், ஆபத்து மேலேறும்போதுதான். 1959 நவம்பரில் ஒரு முழுக்கிலிருந்து திரும்புகையில் பசை விட்டுப்போனது. பிறகு உலோக வளையங்களால் கட்டினார்கள்.

1960 ஜனவரி முழுக்கில் அகழிக்குள் 9,000 மீட்டரைத் தாண்டியபோது பலத்த வெடிச்சத்தம். மிதவை வழியாக உருண்டைக்கு இறங்கும் நுழைவுக் குழாயின் பிளெக்சிகிளாஸ் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) சன்னல் விரிசல் கண்டிருந்தது. முழுக்கின்போது அந்தக் குழாயில் கடல்நீர்தான் நிற்கும், ஆகவே உடனே உயிருக்கு ஆபத்தில்லை. மேலே வந்தபின் அழுத்தக் காற்றால் அந்த நீரை வெளியே தள்ளினால்தான் கதவைத் திறக்க முடியும். சன்னல் உடைந்தால் குழாய் காலியாகாது, இருவரும் உருண்டைக்குள்ளேயே அடைபட்டிருப்பார்கள். அடியில் 20 நிமிடம்தான் நின்றார்கள். மேலேறச் சுமார் மூன்றேகால் மணி நேரம். காற்றை மெல்ல மெல்லச் செலுத்தினார்கள். சன்னல் தாங்கியது.