அட்மினைப் பாருங்கள்

டிசேபிள் ஆன கணக்கில் ஒருவர் லாகின் செய்யப் பார்த்தால் விண்டோஸ் இரண்டு விஷயம் சொல்லும். உங்கள் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது, சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டரைப் பாருங்கள். இத்தனை வருஷத்தில் அந்த இரண்டாவது பாதியை யாரும் பொருட்படுத்தி நான் பார்த்ததில்லை. கணக்கை முடக்கும் நேரத்தில் ஆள் பெரும்பாலும் கட்டடத்திலேயே இருக்கமாட்டார். அக்கவுண்ட்ஸ் சார்தான் அதை அப்படியே நம்பி, திறந்த லேப்டாப்பைக் கையில் ஏந்திக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

"தம்பி, டீ குடிச்சிட்டு வந்தேன், உள்ளே விடமாட்டேங்குது. பாஸ்வேர்டு தப்பா அடிச்சு லாக் ஆயிடுச்சு போல. கொஞ்சம் எடுத்து விட்டுடு, இன்னிக்கு இருபதாம் தேதி."

இருபது என்றால் மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கான 3பி ரிட்டர்னுக்குக் கடைசி நாள். ஜிஎஸ்டி வந்ததிலிருந்து எல்லா அக்கவுண்ட்ஸ் பிரிவிலும் அன்றைக்கு இதே முகம்தான்.

கம்பெனியின் எல்லா லாகின் கணக்குகளும் இருக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் அவர் பெயரைத் தேடினேன். லாக் இல்லை. பெயருக்குப் பக்கத்துப் படத்தில் கீழ்நோக்கிய சின்ன அம்புக்குறி. கணக்கின் நிலை 514, அதாவது முடக்கப்பட்டது. டிஸ்கிரிப்ஷனில், தானாக ஓடும் என் ஸ்கிரிப்ட் எழுதிவைத்த வரி: எச்ஆர் பதிவின்படி பணி விலகல், கூடவே தேதி, நேரம். நல்லவேளை, திரை என் பக்கம் திரும்பியிருந்தது.

"எச்ஆர்ல ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க சார்" என்றேன்.

"எச்ஆர் எதுக்கு? பாஸ்வேர்டு உங்க வேலைதானே?"

"இல்ல சார், இது அவங்க சிஸ்டத்துல இருந்து வருது."

அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. சரி என்று சொல்லி லேப்டாப்பை மூடிக்கொண்டு போனார். அந்தச் சரி புரிந்து சொன்னதா, அவசரத்தில் சொன்னதா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அவரைக் கூப்பிட்டுச் சொல்வதற்கான கூட்டம் மாலை நாலு மணிக்கு என்று அப்புறம்தான் தெரிந்தது.

ஏன் முன்கூட்டியே முடங்கியது? யாரும் தப்புச் செய்யவில்லை, அதுதான் சிக்கல். எச்ஆர் மென்பொருளில் ஒருவருடைய நிலையை 'விலகியவர்' என்று மாற்றினால்தான் கடிதம் அச்சாகும். நாலு மணிக்குக் கையில் கடிதம் வேண்டுமென்றால் காலையிலேயே மாற்றியாக வேண்டும். என் ஸ்கிரிப்ட் மணிக்கொரு முறை அந்தப் பட்டியலைப் படித்து, விலகியவர்களை முடக்கும். கடிதம் இன்னும் உறைக்குள் போயிருக்காது, அதற்குள் டைரக்டரி தன் வேலையை முடித்துவிட்டது.

இந்தச் சேவையை நான் ஏன் கட்டினேன் என்பதையும் சொல்லவேண்டும். அதற்கு முன் ஆள் போனால் எச்ஆர் ஹெல்ப்டெஸ்குக்கு ஒரு மெயில் போடும். மறந்தால் மறந்ததுதான். வேலையை விட்டுப்போய் வருஷமானவர்களின் கணக்குகள் உயிரோடு இருந்தன. கடைசி லாகின் தேதியைத் தேடினால் டைரக்டரி எல்லா சர்வருக்கும் பரப்புகிற தேதி பதினாலு நாள் வரை பின்தங்கியிருக்கும், சரியானது வேண்டுமென்றால் லாகினைச் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கண்ட்ரோலர் ஒவ்வொன்றிடமும் தனித்தனியாகக் கேட்கவேண்டும். அப்படிக் கேட்டபோது, போன ஆள் ஒருவரின் கணக்கில் புத்தம்புது லாகின் இருந்தது. அவருடைய பாஸ்வேர்டை டீமே பகிர்ந்துகொண்டிருந்தார்கள். இதையெல்லாம் ஆடிட்டர் கேட்டால் யார் பதில் சொல்வது? எனவே மனிதர்களின் ஞாபகத்தை நம்பாத ஓர் ஏற்பாடு வேண்டும் என்று நான்தான் கூட்டத்தில் வாதாடினேன். இப்போதும் அதே வாதத்தைத்தான் வைப்பேன்.

ஆனால் அந்த ஞாபகமறதிக்குள் ஒரு அவகாசம் இருந்தது. மெயில் போட்டு, ஹெல்ப்டெஸ்க் பார்த்து, யாரோ ஒருவர் முடக்குவதற்குள் ஆளிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டிருப்பார்கள். அதை அவகாசம் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. வடிவமைப்பு ஆவணத்தில் நானே அதற்கு 'தாமதம்' என்றுதான் பெயர் வைத்திருந்தேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. விண்டோஸ் லாகினுக்குப் பின்னால் இருக்கும் கெர்பரோஸ் முறையில், ஒருமுறை வாங்கிய அனுமதி டிக்கெட்டுக்கு வழக்கமான ஆயுள் பத்து மணி நேரம். கணக்கை முடக்கினாலும், ஏற்கெனவே திறந்த ஃபோல்டர் உடனே மூடிக்கொள்ளாது. புதிதாக எதையாவது திறக்கப் போனால்தான் மாட்டும். அவர் திரையைப் பூட்டாமல் டீக்குப் போயிருந்தால், திறந்து வைத்திருந்த எக்செல் அப்படியே இருந்திருக்கும், வேலையைத் தொடர்ந்திருப்பார். இடத்தைவிட்டு எழுந்தால் திரையைப் பூட்டுங்கள் என்று மாடி முழுக்க ஸ்டிக்கர் ஒட்டியது எங்கள் டீம். அதைத் தவறாமல் கடைப்பிடித்த சொற்பப் பேரில் அவர் ஒருவர்.

நான் அவருக்காக அதை எனேபிள் செய்திருக்கலாமா? ரைட் கிளிக், ஒரு சொடுக்கு, 514 மறுபடி 512, அதாவது இயங்கும் கணக்கு, ஆகும். அடுத்த சுற்றில் ஸ்கிரிப்ட் திரும்ப முடக்கும் என்றாலும் ஒரு மணி நேரம் கிடைத்திருக்கும். அவர் கேட்டதும் சொந்த வேலைக்கு இல்லை, கம்பெனி ரிட்டர்னை அனுப்பத்தான். கூடாது என்றுதான் அறிவு சொல்கிறது. நிர்வாகம் முடக்கியதை அட்மின் தன் இஷ்டத்துக்குத் திறந்தால், அந்த மணி நேரத்தில் எது நடந்தாலும் சிஸ்டம் பதிவில் என் பெயர்தான் நிற்கும். சரி, எனேபிள் வேண்டாம். உட்காருங்க சார் என்று ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, அவருடைய மேலாளருக்கு நானே போன் செய்திருக்கலாமே? அதற்கு எந்த பாலிசியும் குறுக்கே நிற்கவில்லை. எனக்கு அப்போது தோன்றவில்லை என்பதைவிட, அவர் சீக்கிரம் என் மேஜையை விட்டு நகர்ந்தால் போதும் என்று இருந்தது என்பதுதான் உண்மைக்குப் பக்கம். ஆனால் போன் செய்திருந்தாலும் மேலாளர் என்ன சொல்லியிருப்பார்? எச்ஆரைப் பார்க்கச் சொல் என்றுதான்.

டீமில் ஒருவன் கேட்டான்: "நீங்க பொய் சொல்லலையே, அப்புறம் என்ன?" அவன் ஆறுதலுக்குத்தான் கேட்டான். நான் சொன்ன இரண்டு வாக்கியத்திலும் பொய் இல்லைதான். அதற்காக நான் எதையாவது சொன்னேன் என்று ஆகிவிடுமா?

பிறகு எச்ஆரிடம் பேசினேன். கடிதத்தை வரைவு நிலையிலேயே அச்சடிக்க வழி செய்யுங்கள், பேசி முடித்த பிறகு மேலாளர் பட்டனை அழுத்தட்டும், அப்போது முடக்குகிறேன் என்றேன். அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். செக்யூரிட்டி டீம் ஒப்பவில்லை. வேலை போன செய்தி தெரிந்தும் லாகின் உயிரோடிருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் டேட்டா வெளியே போகும் என்றார்கள். அவர்கள் சொல்வது தவறில்லை. சேவைக்கு அனுமதி கேட்டபோது என் ஸ்லைடிலேயே அந்த வரி இருந்தது.

அது முடிவாகும்வரை நானாக ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். ஸ்கிரிப்ட் பட்டியலைப் படித்ததும் முடக்காமல் முதலில் எனக்கு மெயில் அனுப்பும். மேலாளரைக் கூப்பிட்டு, "சொல்லிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு ஓகே கொடுப்பேன். அதாவது, மனித ஞாபகத்தை நம்பாத ஏற்பாட்டின் நடுவில் என்னையே செருகிவைத்திருக்கிறேன். நான் லீவில் போனால் என்ன ஆகும் என்று ஆடிட்டர் இன்னும் கேட்கவில்லை. "உங்களுக்கு எதுக்கு இந்தக் கேள்வி?" என்று ஒரு மேலாளர் மட்டும் கடுப்படித்தார்.

இப்போது கதவு அட்டையையும் இதே சேவையில் இணைக்கச் சொல்லியிருக்கிறார்கள். நிலை மாறினால் லாகினோடு கதவும் மூடிக்கொள்ளும். ஆவணம் பாதி எழுதியாகிவிட்டது. 'ஊழியரிடம் தெரிவித்த நேரம்' என்று ஒரு கட்டாயக் கட்டம் சேர்த்திருக்கிறேன், அது காலியாக இருந்தால் எதுவும் முடங்காது. செக்யூரிட்டி டீம் எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். இன்னும் அவர்களுக்கு அனுப்பவில்லை.