வீச்சைக் காணோம்

வியன்னாவின் மூசிக்ஃபெராயின் அரங்கில் பீத்தோவனின் ஏழாவது சிம்பொனி. நின்றுகொண்டே கேட்கிற மலிவு டிக்கெட்டில் பின்னால் நிற்கிறேன். இரண்டாம் பகுதி தொடங்கியது. ‘தா தக தா தா, தா தக தா தா’ என்று ஒரே நடை. என் விரல்கள் முன்னாலிருந்த தடுப்பில் அதைப் பிடித்துக்கொண்டன. பக்கத்துப் பெரியவர் ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளங்கையை என் கைமேல் வைத்து அமுக்கினார்.

சுருக்கென்றது. பனி, ஞாயிறானால் பூட்டிக் கிடக்கும் கடைகள் எல்லாம் பழகிவிட்டன. இது மட்டும் பழகவில்லை. மதுரை சிம்மக்கல்லில் வளர்ந்தவன் நான். ராஜா முத்தையா மன்றத்தில் கச்சேரி என்றால், அப்பா தொடையில் தட்டு, விரல் எண்ணிக்கை, கையைத் திருப்பிப் போடும் வீச்சு என்று போடுகிற ஆதி தாளம் மூன்று வரிசை தாண்டிக் கேட்கும். மிருதங்கம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் முன்வரிசை மொத்தமும் கூடவே போடும். மிருதங்கக்காரர் அதைப் பார்த்துச் சிரித்தபடியே கணக்கைச் சிக்கலாக்குவார்.

இங்கே தாளம் முழுவதையும் நமக்கு முதுகு காட்டி நிற்கும் ஒரே ஆளிடம், வாத்தியக்குழுவை நடத்தும் கண்டக்டரிடம், ஒப்படைத்துவிட்டார்கள். மகள் செலோ படிக்கும் இடத்திலும், காலைத் தட்டாதே, மனசுக்குள் எண்ணு என்கிறார் வாத்தியார்.

எரிச்சல் என்னவென்றால், 1813 டிசம்பரில் இதே ஊரில்தான் இந்த சிம்பொனி அரங்கேறியது. நடத்தியவர் பீத்தோவனே. அந்த இரண்டாம் பகுதிக்கு ஜனம் ஒன்ஸ்மோர் கேட்டு மறுபடி வாசிக்க வைத்திருக்கிறது. சிம்மக்கல் கூட்டமேதான்! நடுவில் யார் வந்து இவர்கள் கையைக் கட்டினார்களோ.

இப்போதெல்லாம் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு நல்ல பிள்ளையாகக் கேட்கிறேன். பைக்குள் விரல் எண்ணுகிறது. எண்ண ஆரம்பித்தால் மீனாட்சி கோயில் ஆடி வீதி, தவில், சித்திரை வெயில் என்று போய்விடுகிறது. மேடையில் எந்த இடம் என்பதே தெரிவதில்லை.

“சுபின் மேத்தாவும் பம்பாய்லருந்து போனவருதானப்பா, அவரு இருக்கலையா?” என்பார் அப்பா. இருந்தார். 1954-ல், பதினெட்டு வயதில் கண்டக்டராக இங்கே படிக்க வந்தவர். பெரிய கண்டக்டர்களின் ஒத்திகையைக் கிட்டே பார்க்க வேண்டும் என்பதற்காகவே, சக மாணவர் கிளாடியோ அப்பாடோவோடு கோரஸில் பாடகராகச் சேர்ந்தார். பிறகு மாண்ட்ரியல், லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க், இஸ்ரேல். தாளம் போட அனுமதி வேண்டுமானால் மேடையேறிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இதே அரங்கில் 2015 புத்தாண்டுக் கச்சேரியை அவர்தான் நடத்தினார். இங்கே காலை 11.15, மதுரையில் பிற்பகல் 3.45. டிவி முன்னால் கைபேசியைப் பிடித்து அப்பாவுக்குக் காட்டினேன். கடைசி உருப்படி ராடெட்ஸ்கி மார்ச் வருவதற்குள் அங்கே அம்மா விளக்கேற்றிவிட்டாள். அதற்கு மட்டும் ஜனம் கூடவே கைதட்டலாம். கண்டக்டரே திரும்பி, கூட்டு, குறை என்று கைகாட்டுவார். நானும் உள்ளங்கை சிவக்கத் தட்டினேன்.

அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

“என்னப்பா, தட்டிக்கிட்டே இருக்காய்ங்க. வீச்சைக் காணோம்?”