தவறணையில் ஒரு சமா

2010 ஜனவரியில், பனி கொட்டிக் கிடந்த ஒரு கிழமையில் லண்டனுக்கு வந்து இறங்கினேன். வெஸ்ட் ஈலிங்கில் ஒரு வீட்டின் மேல்மாடி அறை. நாலு பேர், எல்லாரும் யாழ்ப்பாணத்துப் பொடியங்கள். இரண்டு பேருக்குப் பகல் வேலை, இரண்டு பேருக்கு இரவு வேலை என்றபடியால் இரண்டு கட்டில் போதுமாக இருந்தது. எனக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்துகொண்டு "எத்தனையாம் பம்ப்?", "ரசீது வேணுமா?" என்று கேட்பதோடு அந்த வருடம் நான் பேசிய ஆங்கிலம் முடிந்துவிட்டது. கடையில் தமிழ், கோயிலில் தமிழ், அறையில் தமிழ். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அந்தத் தமிழ்தான் என்னை அப்போது நிமிர்த்தி வைத்திருந்தது. ஆனால் இந்த நாட்டுச் சனத்தோடு ஒரு மேசையில் இருந்து கதைக்க எனக்கு இரண்டு வருடத்துக்கு மேல் பிடித்தது. அதுவும் கறுப்பு அமெரிக்கர்களின் இசையான புளூஸை வாசிக்கிற ஒரு உள்ளூர் பாண்டால் நடந்தது.

வேலைக்கு 207 பஸ்ஸில் போவேன். ஹன்வெல் பக்கம் இறங்கி நடக்கிற வழியில் ஒரு பப். 2007 இலிருந்து பப்புக்குள் புகைக்க முடியாது, அதனால் யாராவது சிகரெட்டோடு வெளியே வந்தபடி இருப்பார்கள். செவ்வாய்க்கிழமைகளில் அந்தக் கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு கிற்றார் சத்தம் தெருவில் வந்து விழும், கதவு மூடினால் அறுந்துவிடும். குளிருக்குள் நின்று அடுத்த ஆள் எப்போது வெளியே வருவார் என்று பார்த்துக்கொண்டிருந்தது இன்றைக்கும் ஞாபகம்.

அந்தச் சத்தம் ஏன் என்னைப் பிடித்து நிறுத்தியது என்று சொல்ல வேண்டும். 1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபோது எனக்கு ஆறு வயது. மாமா ஒரு காலத்தில் கோயில் திருவிழாக்களில் இசைக்கோஷ்டியோடு வாசித்தவர். கோஷ்டி கலைந்த பிறகு அவரிடம் மிஞ்சியது ஒரு பொக்ஸ் கிற்றார் மட்டும். கம்பி அறுந்தால் வாங்க வழியில்லை, சைக்கிள் பிரேக் வயரைப் பிரித்து ஒரு இழையை எடுத்துக் கட்டுவார். பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, டைனமோவிலிருந்து கசெற் ரெக்கோர்டருக்கு வயர் கொடுத்து, நான் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். கை சோர்ந்தால் பாட்டு இழுபடும், சுருதி கீழே இறங்கும். "சுத்தடா, சுத்து!" என்று மாமா கத்துவார். நான் கிற்றார் பழகியது இப்படித்தான். சமாதான காலத்தில் மேடைகளில் மின்சாரக் கிற்றாரைத் தூரத்தில் நின்று கேட்டிருக்கிறேன், ஆனால் ஒரு அம்ப்புக்கு, அதாவது சத்தத்தைப் பெருக்கும் பெட்டிக்கு, பக்கத்தில் நின்று, அந்தச் சத்தம் நெஞ்சில் இடிக்கக் கேட்டது அந்தப் பப்பில்தான் முதல் தடவை.

உள்ளே போகத் துணிவு வர மூன்று கிழமை எடுத்தது. எங்கள் ஊரில் தவறணை என்றால் நல்ல பிள்ளைகள் போகாத இடம். அந்த நினைப்பு லண்டன் வரை என்னோடு வந்திருந்தது. ஒரு ஒரேஞ்ச் ஜூஸை வாங்கிக்கொண்டு கதவோரமாக நின்றேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

பாண்டில் நாலு பேர். பாடுகிறவரே மவுத் ஓர்கனும் வாசிப்பார், பத்துப் பன்னிரண்டு மவுத் ஓர்கனை ஒரு பெட்டிக்குள் அடுக்கி வைத்திருப்பார், ஏனென்றால் ஒவ்வொரு சுருதிக்கும் வேறொன்று வேண்டும். கிற்றார்காரர் பள்ளிக்கூட ஆசிரியர், கீழ்ச்சுருதிக் கிற்றாரான பேஸை வாசிப்பவர் குழாய் திருத்துகிறவர், ட்ரம்ஸ் வாசிப்பவர் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமைகளில் ஏதாவது பப்பிலோ பிறந்தநாள் விழாவிலோ வாசிப்பார்கள். கிடைக்கிற காசை நாலாகப் பிரித்து வான் பெற்றோலையும் கழித்தால் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. மாதத்தில் இரண்டு செவ்வாய் இந்த ஜாம்.

ஜாம் என்பது அவர்களுடைய கச்சேரி இல்லை. முதல் அரை மணித்தியாலம் அவர்கள் வாசிப்பார்கள், பிறகு மேடையை வந்தவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். பார் மேசையில் ஒரு கொப்பித் தாள் கிடக்கும். பெயரையும் என்ன வாசிப்பாய் என்பதையும் எழுத வேண்டும், அவ்வளவுதான். பாடுகிறவர் அந்தத் தாளைப் பார்த்து ஒரு பேஸ், ஒரு ட்ரம்ஸ், இரண்டு கிற்றார், ஒரு குரல் என்று ஆட்களைச் சேர்த்து மேலே அனுப்புவார். ஒருவரை ஒருவர் முன்பின் தெரியாது. மூன்று பாட்டு, பிறகு அடுத்த கூட்டம். அம்ப், ட்ரம்ஸ், மைக் எல்லாம் பாண்டினுடையவை. ட்ரம்ஸ்காரர் வராவிட்டால் அவர்களில் ஒருவர் போய் இருப்பார், யாராவது தடுமாறினால் பக்கத்தில் வந்து நிற்பார். ஊரில் விருந்துக்கு வந்தவர்களுக்குப் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிற வீட்டுக்காரர் மாதிரி, அந்த நாலு பேரும் அன்றிரவு முழுக்க மற்றவர்கள் நன்றாகக் கேட்கப்பட வேண்டும் என்பதற்காகவே ஓடித் திரிவார்கள். நான் இந்த நாட்டில் முதலில் மதித்தது அதைத்தான்.

பழைய கிற்றார் ஒன்றை 90 பவுண்ஸுக்கு வாங்கி, அறையில் மற்றவர்கள் நித்திரை என்பதால் அம்ப் இல்லாமலே நாலு மாதம் பழகினேன். பன்னிரண்டு பார்தான் புளூஸின் ஆவர்த்தனம் என்று சொல்லலாம். பார் என்றால் நாலு தட்டுக் கொண்ட ஒரு அளவு; ஏ, டி, ஈ என்பவை சில சுரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டுகிற கோர்ட்களின் பெயர். ஏ சுருதி என்றால் நாலு பார் ஏ, இரண்டு பார் டி, இரண்டு பார் ஏ, பிறகு ஈ, டி, ஏ, கடைசிப் பாரில் ஈயைத் தொட்டுத் திரும்பத் தொடக்கத்துக்கு வருவது. இதற்குள்தான் எல்லாம் நடக்கிறது. ஒரு நாள் தாளில் என் பெயரை எழுதினேன். பெயர் நீளம் என்பதால் முதல் மூன்று எழுத்து. மேடையில் ஏறியதும் பாடுகிறவர் கேட்டது ஒன்றே ஒன்று: "எந்தக் கீ?" எந்த நாடு என்று கேட்கவில்லை, எப்போது வந்தாய் என்று கேட்கவில்லை. "ஏ" என்றேன். "ஷஃபிள், ஏ, குயிக் ஃபோர்" என்று மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டு எண்ணத் தொடங்கிவிட்டார்.

ஷஃபிள் என்றால் துள்ளி நடக்கிற தாளம். குயிக் ஃபோர் என்றால் இரண்டாவது பாரிலேயே டிக்குத் தாவி மூன்றாவதில் ஏக்குத் திரும்புவது. எனக்கு அது தெரியாது. எல்லாரும் டிக்குப் போக நான் ஏயிலேயே நின்றேன், அந்த உரசல் அம்ப் வழியாகச் சபை முழுக்கக் கேட்டது. முகம் சூடேறியது. அப்போது பேஸ்காரர் ஒரு அடி பக்கமாக நகர்ந்து, தன் கிற்றார் கழுத்தை எனக்குத் தெரியும்படி திருப்பிப் பிடித்தார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அரைத் தாளம் முன்னதாகத் தலையை அசைத்தார். தடித்த விரல்கள், நகக்கண்ணில் கறுப்பு, மூன்றாம் கம்பியில் ஐந்தாம் கட்டைக்கு அந்த விரல் போகும்போது நானும் டிக்குப் போனேன். இரண்டாவது சுற்றிலிருந்து பிழைக்கவில்லை. இறங்கியபோது ஒருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அம்ப்பைக் கொஞ்சம் குறை, பாடுகிறவரைக் கேள்" என்று மட்டும் பேஸ்காரர் சொன்னார். எழுபதை நெருங்கும் மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நா எழவில்லை. வெளியில் பெயரைச் சொன்னாலும் மனசுக்குள் அவர் இன்றைக்கும் அண்ணைதான்.

அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "தவறணைக்கோ தம்பி போறாய்?" என்று குரல் மாறிவிட்டது. "இல்லையம்மா, அங்க சமா நடக்குது" என்றேன். அம்மா அளவெட்டிக்காரி, சின்ன வயதில் தட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்டவர், விடிய விடிய நடக்கும் தவில் சமாவில் ஒருவர் வாசித்து விட மற்றவர் எடுத்துக்கொள்வதை எனக்குக் கதை கதையாகச் சொன்னவர். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப உன்னை வாசிக்க விட்டவையே?" என்று கேட்டார். விட்டார்கள் என்றேன். "சரி, குடிக்காதை" என்றார்.

நான் எந்த மண்ணில் நிற்கிறேன் என்பதே பிறகுதான் தெரிய வந்தது. 1962 மார்ச் 17 அன்று புளூஸ் கலைஞர்களான அலெக்சிஸ் கோர்னரும் சிரில் டேவிஸும் ஈலிங் பிராட்வே ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு நிலவறையில் புளூஸ் கிளப் தொடங்கியிருக்கிறார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ரொக் பாண்டின் மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் பிரையன் ஜோன்ஸை முதலில் கண்டது அங்கேதான். ஈரம் கூரையிலிருந்து சொட்டுமாம், மேடைக்கு மேல் ஒரு படங்கைக் கட்டி விட்டு வாசித்திருக்கிறார்கள். படங்குக்குக் கீழே வாழ்ந்த எனக்கு அந்தக் காட்சியைக் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை. அதே வருடம் ஹன்வெலில், அக்ஸ்பிரிட்ஜ் ரோட்டில் கடை வைத்திருந்த ட்ரம்ஸ் ஆசிரியர் ஜிம் மார்ஷல் தன் முதல் அம்ப்பைச் செய்து விற்றார். நான் தினமும் 207 பஸ்ஸில் கடந்து போன தெரு அது. மாமாவும் நானும் பழைய சினிமாப் பத்திரிகைப் படமொன்றில் உற்றுப் பார்த்து எழுத்துக்கூட்டிய மார்ஷல் என்ற பெயர் அங்கேயிருந்துதான் புறப்பட்டிருக்கிறது.

பாடுகிறவர் புகைக்க வெளியே வரும்போது இப்படி நிறையச் சொல்வார். புளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் 1943 இல் மிசிசிப்பியின் பருத்தித் தோட்டத்தை விட்டு சிக்காகோவுக்குப் போனார், நகரத்துப் பார்களின் இரைச்சலில் பொக்ஸ் கிற்றார் எடுபடவில்லை, அதனால் மின்சாரக் கிற்றாருக்கு மாறினார் என்று சொன்ன இரவு எனக்கு வேலையில் மனம் நிற்கவில்லை. நான் கேட்டு நின்ற சத்தமே ஊரை விட்டு வந்தவர்கள் தங்கள் குரல் கேட்க வேண்டும் என்று உண்டாக்கிய சத்தம். அதற்குப் பிறகு புளூஸை இன்னொருவருடைய இசை என்று நினைத்துக் கூச்சப்படவில்லை, ஆனால் அது கறுப்பு அமெரிக்கர்களின் வலியிலிருந்து வந்தது என்பதை மறந்து வாசிக்கவும் முடியவில்லை.

வாசிக்க வாசிக்க ஒன்று பிடிபட்டது. கர்நாடக இசையில் சாதாரண காந்தாரம், அந்தர காந்தாரம் என்று சொல்கிற இரண்டு சுரங்களுக்கும் நடுவே, இரண்டிலும் நிற்காத ஒரு இடம் புளூஸில் உண்டு. கம்பியை விரலால் தள்ளித்தான் அங்கே போக முடியும். நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த இடம் உடனே தெரிந்தது. "இதை எங்கே படித்தாய்?" என்று பாண்டில் கிற்றார் வாசிக்கும் ஆசிரியர் கேட்டார். கோயிலில் என்றேன்.

2012 அக்டோபரிலிருந்து மது விற்க அனுமதியுள்ள இடங்களில் இரவு 11 மணி வரை, 200 பேர் வரையான சபைக்கு வாசிக்கத் தனி அனுமதி தேவையில்லை என்று சட்டம் வந்தது, 2015 இல் அதை 500 ஆக்கினார்கள். சின்னப் பப்களுக்கு அது உதவி. ஆனாலும் எங்கள் பப் ஒரு தடவை கைமாறியது, ஆறு மாதம் ஜாம் இல்லை, அந்த ஆறு மாதமும் நான் செவ்வாய்க்கிழமைகளில் என்ன செய்வதென்று தெரியாமல் திரிந்தேன். இப்போது வேறொரு பப். நான் பகல் வேலைக்கு மாறிவிட்டேன், ஆசிரியருக்கு வர முடியாத சனிக்கிழமைகளில் பாண்டோடு வாசிக்கிறேன், செவ்வாய்களில் கொப்பித் தாள் என் பொறுப்பு.

போன ஓகஸ்டில் வெஸ்ட் ஈலிங் கனக துர்க்கை அம்மன் தேருக்கு ட்ரம்ஸ்காரரைக் கூட்டிப் போனேன். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி தவில்காரருக்கு இரண்டு முழம் தள்ளி நின்றவர் பிறகு நகரவே இல்லை. கண்ட நடையில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர் தொடையில் தட்டிப் பார்த்தார், விட்டார், திரும்பத் தட்டினார். "தாளத்தின் ஒன்று எங்கே இருக்கிறது?" என்று என் காதுக்குள் கேட்டார். அவர் தோளில் ஐந்து ஐந்தாகத் தட்டிக் காட்டினேன். தேர் தெரு முனையில் திரும்பும்போது அவர் வாய் அசைந்துகொண்டிருந்தது, எண்ணிக்கொண்டே பின்னால் நடந்தார்.