சிரித்துவிட்ட இடம்

மார்ச் 4
இளைஞர் கூட்டத்துப் பிள்ளைகள் அந்தப் போலீஸ் நகைச்சுவைப் படத்தைப் பார்க்கலாமா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதித் தரும்படி போதகர் ஐயா கேட்டிருந்ததால், இன்றிரவு அண்ணனோடு உட்கார்ந்து பார்த்தேன். கெட்ட வார்த்தைகளை ஐந்தைந்தாகக் கோடு கிழித்து எண்ணிக்கொண்டே வந்தேன். நோட்டில் 42 கோடுகள் இருக்கின்றன. அதற்குப் பிறகும் படத்தில் வசவு ஓயவில்லை. நான்தான் பென்சிலை மறந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 5
நிர்வாணத்தையும் கழிப்பறை வேடிக்கையையும் கண்டித்து எழுதுவது சுலபம். வம்பும் பரியாசமும் தகாதவை என்கிற எபேசியர் 5:4 போதும். அந்த வசனத்தில் ‘பரியாசம்’ என்று நாம் வாசிக்கிற சொல்லின் கிரேக்க மூலம் யூத்ரபெலியா. அரிஸ்டாட்டில் அதை நயமான நகைச்சுவை என்று நற்பண்புகளில் சேர்த்திருக்க, பவுல் தகாதவற்றில் சேர்த்துவிட்டார். அதற்காக எல்லாச் சிரிப்பையும் பாவக்கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. முதிர்வயதில் ஈசாக்கைப் பெற்ற சாராள், ‘தேவன் என்னை நகைக்கப்பண்ணினார்’ என்றுதானே சொன்னாள்?

மார்ச் 6
அண்ணன் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

மார்ச் 7
நான் சிரித்த காட்சி இதுதான். சோதனை என்ற பெயரில் ஒரு பையனைச் சாலையோரம் நிறுத்தி, ஒரு காவலர் கையைத் தூக்கு என்கிறார், மற்றவர் பெல்ட்டைக் கழற்று என்கிறார். இரண்டுக்கும் கீழ்ப்படியத் தவித்த பையன், பெல்ட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு கைகளை உயர்த்துகிறான், கால்சட்டை நழுவுகிறது. அண்ணன் அப்போதுதான் எழுந்து அறைக்குப் போனார்.

1934 முதல் 1968 வரை ஹாலிவுட்டில் அமலில் இருந்த தணிக்கை விதிகள் சட்டத்தைக் கேலி செய்யக் கூடாது என்றன. இந்தப் படத்துக்கு அந்த அளவுகோல் பொருந்தாது, ஏனென்றால் இங்கே சட்டத்தைக் கையில் வைத்திருப்பவன்தான் வெறுங்கையனைக் கேலி செய்கிறான். ஒருவருக்கும் இடுக்கண் செய்யாதிருங்கள் என்று யோவான் ஸ்நானன் போர்ச்சேவகர்களுக்குச் சொன்ன புத்தியை (லூக்கா 3:14) மேற்கோள் காட்டலாம் என்று புரட்டியபோது மத்தேயு 27 கண்ணில் பட்டது. சிலுவையில் அறையுமுன் போர்ச்சேவகர்கள் இயேசுவின் வஸ்திரத்தைக் கழற்றி, கையில் கோலைக் கொடுத்து, முழங்காற்படியிட்டு, ‘பரியாசம்பண்ணி’. நம் வேதாகமத்தில் இங்கேயும் அதே சொல். அந்தச் சேவகர்களும் சிரித்திருப்பார்கள்.

மார்ச் 8
இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அண்ணனே வந்து, எழுதியாயிற்றா என்று கேட்டார். இல்லை என்றேன். “நீ சிரிச்சதுக்காக நான் எழுந்து போகலைடா தம்பி. ஸ்டேஷன்ல அப்படி நின்னவங்களைப் பார்த்து நாங்களும் சிரிச்சிருக்கோம்” என்றார். எந்த ஊரில், எந்த வருடம் என்று நான் கேட்கவில்லை.

விடிந்தால் ஆராதனை. தாளில் இதுவரை 42 என்ற எண் மட்டும் இருக்கிறது. அவர் அறையில் இன்னும் விளக்கு அணையவில்லை.