மோட்டார்ஹோமிலிருந்து மைக்ரோவேவைக் கழற்றிய கதை

இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில் வசிக்கும் நாங்கள் நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய மோட்டார்ஹோம் வாங்கினோம். ஊரில் உள்ள உறவினர்களிடம் “கேரவன் மாதிரி ஒரு வண்டி” என்று சொன்னபோது, படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் குளிரூட்டப்பட்ட பேருந்தைத்தான் அவர்கள் மனத்தில் கண்டார்கள். உண்மையில் அது ஆறு மீட்டர் நீளமும், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய அகலமும் கொண்ட சிறு வீடு. முந்தைய உரிமையாளர் பொருத்தியிருந்த 800 வாட் மைக்ரோவேவ் ஒன்று, குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே, என் மனைவியின் கண் மட்டத்தையும் தாண்டிய உயரத்தில் இருந்தது. முதல் பயணத்தில் நெடுஞ்சாலையில் ஏறியவுடன் அதன் கண்ணாடித் தட்டு கடகடவென்று ஆடத் தொடங்கியது. அடுத்த நிறுத்தத்தில் தட்டை எடுத்துத் துண்டில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தோம். அப்போதே மகள் கேட்டாள், “இது நமக்குத் தேவையாப்பா?” அதற்கு விடை சொல்ல எனக்கு மூன்று கோடைகாலங்கள் பிடித்தன.

நான் முதலில் தவறாகப் புரிந்துகொண்டது 800 வாட் என்ற எண்ணைத்தான். அது உணவுக்குள் செல்லும் சக்தியின் அளவு. மின் இணைப்பிலிருந்து அடுப்பு இழுப்பது ஏறத்தாழ 1,250 வாட், அதாவது 230 வோல்ட்டில் ஐந்தரை ஆம்பியர். பிரிட்டனில் இத்தகைய வண்டிகளை நிறுத்தித் தங்கும் பெரிய முகாம்களில் ஒவ்வொரு வண்டிக்கும் பெரும்பாலும் 10 அல்லது 16 ஆம்பியர் கிடைப்பதால் முதல் ஆண்டில் இதைப் பற்றி யோசிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்சுக்குப் போனபோதுதான் கணக்கு உறைத்தது. அங்கே 6 ஆம்பியர் மட்டும் தரும் முகாம்கள் சாதாரணம்; 6 ஆம்பியர் என்றால் மொத்தமே 1,380 வாட். நார்மண்டியில் ஓர் அக்டோபர் இரவு, ஹீட்டரை மின்சாரத்தில் 900 வாட்டில் ஓடவிட்டிருந்ததை மறந்து, எலுமிச்சைச் சாதத்தைச் சூடாக்க மைக்ரோவேவின் பொத்தானை அழுத்தினேன். இணைப்பு டிரிப் ஆகி வண்டிக்கு வரும் மின்சாரம் நின்றுபோனது. வெளியே நல்ல மழை. டிரிப் சுவிட்ச் இருந்த பெட்டி பூட்டப்பட்டிருந்தது. முகாம் அலுவலகம் காலையில்தான் திறக்கும். எரிவாயுவிலும் ஓடக்கூடிய ஹீட்டரையும் குளிர்சாதனப் பெட்டியையும் அதற்கு மாற்றிவிட்டு, சாதத்தை வாணலியில் இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்துச் சூடாக்கிச் சாப்பிட்டோம். தவறு முழுக்க என்னுடையது. நான் கூட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாம் கோடையில் எங்கள் பயணமே மாறிவிட்டது. ஐந்து வண்டிகளுக்கு மட்டும் இடம் தரும் சிறு பண்ணை முகாம்கள் இந்த நாடெங்கும் உண்டு. அவற்றில் பலவற்றில் ஒரு தண்ணீர்க் குழாயும் கழிவைக் கொட்ட ஓர் இடமும் தவிர வேறெதுவும் இருக்காது. இங்கிலாந்தின் வடகோடியிலுள்ள நார்தம்பர்லாந்தில் அப்படி ஓர் இடத்தில் இரண்டு இரவு தங்கிய பிறகு பெரிய முகாம்களுக்குத் திரும்ப மனமில்லை. மின் இணைப்பே இல்லாத இடத்தில் மைக்ரோவேவை ஓட்ட வேண்டுமென்றால் பேட்டரியும் இன்வெர்ட்டரும் வேண்டும். இன்வெர்ட்டர் என்றதும் நம் ஊரில் மின்வெட்டின்போது ஃபேனையும் டியூப்லைட்டையும் ஓட்டும் பெட்டி நினைவுக்கு வரும். மைக்ரோவேவ் வேறு கதை.

இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன், ஏனெனில் இங்கேதான் பலரும் தவறான பக்கத்தைப் பார்த்துக் கவலைப்படுகிறார்கள். நான்கு நிமிடம் சூடாக்கினால் பேட்டரி காலியாகிவிடும் என்பது உண்மையல்ல. 1,250 வாட்டை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுக்க, இன்வெர்ட்டரில் ஆகும் இழப்பையும் சேர்த்து, சுமார் 120 ஆம்பியர் தேவை. நான்கு நிமிடத்துக்கு அது 8 ஆம்பியர்-மணி (பேட்டரி சேர்த்துவைக்கும் மின்சாரத்தை அளக்கும் அலகு) மட்டுமே. சிக்கல் மொத்த அளவில் இல்லை, ஒரே நேரத்தில் இழுக்கும் வேகத்தில் இருக்கிறது. குடத்தில் தண்ணீர் போதுமான அளவு இருக்கிறது, ஆனால் வாய் குறுகல் என்பது போன்ற நிலைமை. 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியிலிருந்து 120 ஆம்பியரை இழுத்தால் அதன் வோல்ட் அளவு சட்டென்று சரியும். பேட்டரியில் பாதிக்கு மேல் மின்சாரம் இருக்கும்போதே இன்வெர்ட்டர் குறைந்த வோல்ட் என்று கூவி அணைந்துவிடும். லித்தியம் பேட்டரி இதைத் தாங்கும். ஆனால் அதோடு 2,000 வாட் சுத்த சைன் அலை இன்வெர்ட்டர் (வீட்டு மின்சாரத்தைப் போலவே சீரான மின்சாரம் தருவது), சூடேறாத அளவுக்குத் தடித்த கேபிள்கள், பேட்டரிக்கு அருகிலேயே பெரிய ஃபியூஸ் எல்லாம் வர வேண்டும். எனக்குக் கிடைத்த விலைப்பட்டியலின் மொத்தத்தில் பத்துப் பதினைந்து மைக்ரோவேவ்கள் வாங்கலாம். மீந்த குழம்பைச் சூடாக்க இவ்வளவா என்று மனைவி கேட்டார். மின் வேலையில் எனக்கிருந்த ஆசையை மறைத்துக்கொண்டு, நியாயமான கேள்விதான் என்று ஒப்புக்கொண்டேன்.

அடுத்தது எடை. பிரிட்டனில் 1997 ஜனவரி 1 முதல் கார் ஓட்டும் உரிமம் பெற்றவர்கள், தனியாக இன்னொரு தேர்வில் தேறாவிட்டால், சுமையோடு சேர்த்து 3,500 கிலோ வரையிலான பெட்ரோல், டீசல் வண்டிகளை மட்டுமே ஓட்டலாம். அதற்கு வெகுகாலம் பிறகு இங்கே வந்த எங்களுக்கு அந்தக் கோடு கண்டிப்பானது. எங்கள் வண்டியில் ஆட்கள், தண்ணீர், துணிமணி, சைக்கிள், அரிசி, பருப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து 350 கிலோ இடம் இருந்தது. தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் அதிலேயே 100 கிலோ போய்விடும். ஒருநாள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு எடைமேடைக்குப் போனபோது 3,460 கிலோ என்று காட்டியது. மைக்ரோவேவும் அதைத் தாங்கிய பலகையும் 15 கிலோ. 1947-இல் அமெரிக்காவின் ரேதியான் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் மைக்ரோவேவ் 300 கிலோவுக்கு மேல் எடை கொண்டது என்று படித்திருக்கிறேன். அதை ஏற்றியிருந்தால் நாங்கள் வீட்டிலேயே இருந்திருக்க வேண்டியதுதான்.

உயரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கண்ணுக்கு மேலே இருக்கும் பெட்டியிலிருந்து கொதிக்கும் ரசத்தை இறக்குவது எவ்வளவு முட்டாள்தனம் என்பதை என் வலது முன்கையிலுள்ள தழும்பு இன்றும் சொல்லும்.

இதையெல்லாம் படித்துவிட்டு மைக்ரோவேவே வேண்டாம் என்று நான் சொல்வதாக எண்ணக் கூடாது. குளிர்காலத்தில் அதன் அருமை தெரியும். எரிவாயு அடுப்பில் திறந்த பாத்திரத்தில் எதையாவது கொதிக்கவைத்தால், அந்த ஆவியும் எரிவாயு எரிவதால் உண்டாகும் ஈரமும் சேர்ந்து, கால் மணி நேரத்தில் எல்லா ஜன்னல்களிலும் நீர் வழியும். காற்றோட்டத்துக்காக ஜன்னலைத் திறந்தால் சேர்த்துவைத்த வெப்பம் வெளியேறும். மூடிய கிண்ணத்தில் மூன்று நிமிடம் சூடாக்குவதில் இந்தத் தொல்லை இல்லை. கைக்குழந்தை இருப்பவர்களுக்கும், எப்போதும் 16 ஆம்பியர் இணைப்புள்ள முகாம்களிலேயே தங்கும், காருக்குப் பின்னால் வண்டியை இழுத்துவரும் கேரவன்காரர்களுக்கும் அது வைத்துக்கொள்ளத் தக்க பொருள்தான். அவர்களும் வாங்குமுன் அதன் கையேட்டைப் படிப்பது நல்லது. வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்று எழுதியிருந்தால், ஓடும் வண்டியில் பழுதாவதற்கு உத்தரவாதம் கிடைக்காமல் போகலாம். சுழலும் தட்டு இல்லாத வகைகளும் கிடைக்கின்றன.

எங்கள் சாப்பாட்டுக்கோ அது பெரிதாக உதவவில்லை என்பதே உண்மை. தோசை, சப்பாத்தி, தாளிப்பு எல்லாம் தீயைக் கேட்பவை. சோறு மூன்று லிட்டர் குக்கரில் வெந்துவிடுகிறது (அமைதியான ஆங்கிலேயப் பண்ணையில் முதல் விசில் அடிக்கும்போது அக்கம்பக்கத்தில் எல்லாத் தலைகளும் திரும்பும்; இரண்டாவது விசிலுக்குப் பழகிவிடுவார்கள்). குழம்பை மறுபடி கொதிக்கவைக்க ஐந்து நிமிடத் தீ போதும். அதற்குப் பத்து கிராம் எரிவாயுகூடச் செலவாகாது என்பதால் 6 கிலோ சிலிண்டர் ஒன்றே பல வாரங்களுக்கு வருகிறது. மூன்றாம் கோடையின் முடிவில் எண்ணிப் பார்த்தோம்: அந்தப் பருவம் முழுவதும் மைக்ரோவேவை நான்கு முறைதான் ஓட்டியிருந்தோம். மற்ற நாட்களில் அதற்குள் ரொட்டியும் அப்பளக் கட்டும் இருந்தன.

நான்கு திருகுகளைக் கழற்றியதும் அது வெளியே வந்துவிட்டது. அந்த இடத்தில் ஒரு கதவு பொருத்தி அலமாரியாக்கினோம். ரொட்டியும் அப்பளமும் பழைய இடத்திலேயே தொடர்கின்றன. குக்கர் கனமானது என்பதால் அதைக் கீழ்த்தட்டில்தான் வைக்கிறோம். கழற்றிய மைக்ரோவேவ் கராஜில் இருக்கிறது. சென்ற டிசம்பரில் அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தபோது, மின் இணைப்புள்ள முகாமில் ஒரு வாரம் தங்கத் திட்டமிட்டு, அவருக்கு நினைத்த நேரத்தில் வெந்நீர் வேண்டுமே என்று அதைத் தூசி தட்டிப் போர்வைகளுக்கு நடுவே ஏற்றிக்கொண்டோம். போய்ச் சேர்ந்து மேடைமேல் வைத்துக் கதவைத் திறந்தால் கண்ணாடித் தட்டைக் காணவில்லை. அது துண்டில் சுற்றியபடி வண்டியின் கட்டிலுக்கு அடியிலேயே ஓராண்டாக எங்களுடன் ஊர் சுற்றிக்கொண்டிருந்தது.